ஐந்து வீட்டு மிஸ்டு கால்

"ஏலே மகாராஜா, மணி ஏழாச்சு. இன்னும் எனக்கு மிஸ்டு கால் வரல!"

ஜம்முவில் ராணுவ முகாமில் இருந்த மகாராஜாவுக்கு அம்மாவின் குரலிலேயே பதற்றம் தெரிந்தது.

"நெட்வொர்க் இல்லாம இருக்கும்மா. கொஞ்சம் பொறு."

"முப்பது வருஷம் டெலிபோன் எக்சேஞ்சுல இருந்தவகிட்ட நெட்வொர்க் கதை சொல்லுதியாலே? நானே நாலு பேருக்கும் அடிச்சுப் பாத்துட்டேன். மணி முழுசா அடிக்கு. ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காவ!"

நிர்மலாதேவி பதறியதில் நியாயம் இருந்தது. தென்காசியில் அவள் குடியிருந்த தெருவில் தனியாக இருப்பவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், புருஷன் சவூதியில் இருக்கும் நஸீபாதான் போனில் ஒரு யோசனை சொன்னாள்.

"பெரியம்மா, தனியா கிடக்கவங்களுக்கு ராத்திரி ஒண்ணுன்னா யாருக்குத் தெரியும்? தினம் காலைல ஒருத்தருக்கு அடுத்து ஒருத்தர் மிஸ்டு கால் கொடுப்போம். எடுக்கக் கூடாது. நீங்கதான் டெலிபோன்காரங்க, நீங்களே இத நடத்துங்க."

யாராவது 'சௌக்கியமா' என்று இரண்டு தடவை கேட்டாலே 'எனக்கென்ன கேடு' என்று சீறுகிற மனுஷி நிர்மலாதேவி. நடத்தச் சொன்னதும் உச்சி குளிர்ந்து போனாள். சரியாக ஆறு மணிக்குக் குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு அவள் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவர் இசக்கியப்பனுக்கு, இசக்கியப்பன் சங்கரேஸ்வரிக்கு, சங்கரேஸ்வரி நஸீபாவுக்கு, கடைசியில் நஸீபா அவளுக்கு. சுற்று முடிந்தால் ஐந்து பேரும் சுகம் என்று அர்த்தம். ஆறரையைத் தாண்டினால் விசாரணை நடக்கும்.

விசாரணையில் எப்போதும் மாட்டுகிறவர் இசக்கியப்பன். குற்றாலம் ஐந்தருவியில் பழக்கடை போடுகிறவர். சீசன் தொடங்கியும் அருவிக்கு ஆளை விடாததால் வீட்டில் முடங்கிக் கிடந்தார். மகள் பிரசவத்துக்காகக் கேரளத்துப் புனலூர் போன அவர் மனைவி, செங்கோட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள்.

"இசக்கி அண்ணாச்சி லேசா கண்ணசந்துட்டாங்க போல" என்பாள் நஸீபா. அடுத்த நிமிடம் அவருக்கு போன் பறக்கும்.

"கடைதான் இல்ல, ஒரு மிஸ்டு கால் அடிக்கவுமா உமக்கு உடம்பு வணங்கல?"

"தப்புதான்க்கா. நாளைக்கு வெரசா அடிச்சிருதேன்."

ஆனாலும் மூன்று மாதமாகச் சுற்று ஒரு நாள்கூட அறுந்ததில்லை. 'எங்க தெருக்காரங்க மாதிரி உண்டாலே' என்று மகனிடம் தினமும் பெருமையடிப்பாள். அந்தப் பெருமைக்கு அவர்கள் தகுதியானவர்கள்தான்.

"இன்னைக்கு விடியக்காலம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சுலே. நாலு பேரையும் அள்ளிட்டுப் போயிட்டாவளோ என்னவோ. நான் போய் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

"அம்மா, ஒனக்கு ஆஸ்துமா. வாசலத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஒனக்கு ஒண்ணுன்னா என்னால வரக்கூட முடியாதும்மா. லீவும் கிடையாது, ரயிலும் கிடையாது."

"அவுகளுக்கு ஒண்ணுன்னா, நான் மட்டும் கதவப் பூட்டிட்டு இருந்து என்னலே செய்ய?"

போனை வைத்துவிட்டாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டாள். இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து கேட்டைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. நடுங்கிக்கொண்டேதான் போனாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

நஸீபா வீடு பூட்டியிருந்தது. சங்கரேஸ்வரி வீடும் குத்தாலிங்கம் அண்ணாச்சி வீடும் பூட்டியிருந்தன. இசக்கியப்பன் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. ஒற்றையில் கிடந்த மனுஷனை என்னவெல்லாம் ஏசியிருக்கிறாள்!

மூச்சு இழுக்க இழுக்கத் தெரு முனை திரும்பினாள்.

அங்கே தெருக்குழாய் இருந்தது. தரையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. வட்டத்துக்கு ஒருவராக, குடத்தோடு நாலு பேரும் நின்றார்கள்.

"ஏ அக்கா! சாரல்ல நீங்க ஏன் வெளிய வந்திய?" என்று இசக்கியப்பன் அலறினார்.

நிர்மலாதேவி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். நாலு பேரும் முழுசாக இருந்தார்கள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நல்லாத்தான் இருக்கியளா எல்லாரும்? போன எடுத்தா என்ன கொள்ளை?"

"போன் வீட்டுல கிடக்கு பெரியம்மா" என்றாள் நஸீபா. "தினம் ஆறே காலுக்கு வார தண்ணி இன்னைக்கு இப்பத்தான் வருது. தண்ணி எடுத்துட்டு வீட்டுக்குப் போனதும்தான உங்களுக்கு மிஸ்டு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சொந்தமாக போர்வெல் போட்ட வீட்டுக்காரி என்பதால் நிர்மலாதேவி இந்தக் குழாய்ப் பக்கமே வந்ததில்லை.

"தினமுமா? தினமும் நாலு பேரும் இங்கன வச்சுப் பாத்துக்கிடுதியளா?"

அவள் இசக்கியப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீரு சங்கரேஸ்வரிக்கு எப்ப மிஸ்டு கால் அடிப்பீரு?"

இசக்கியப்பன் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் யாருக்கும் அடிச்சதில்லக்கா. எனக்கும் ஒருத்தரும் அடிச்சதில்ல."

குத்தாலிங்கம் அண்ணாச்சி மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆறு மணிக்கு ஒன் மிஸ்டு கால் வந்துட்டுன்னு நான் வந்து சொன்ன பொறவுதான் தங்கச்சி, இங்க எல்லாரும் குடத்தையே குழாய்க்குக் கீழ வைப்போம். நாங்க தினமும் கண்ணால பாக்க முடியாத ஆளு, இந்தத் தெருவுல நீ ஒருத்திதான?"