கேட்க வேண்டியதில்லை

"இதுக்கு அவர்கிட்ட கேட்கணுமாம்மா?"

கைப்பேசி நிறுவனக் கிளையின் மூன்றாவது கவுண்டரில் நின்றவள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். இணைப்பு கணவன் பெயரில் இருந்தது. அந்த நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காத பூட்டுப் போன். கைக்குட்டை முடிச்சில் அவள் வேறு சிம் வைத்திருந்தாள்.

"அதெல்லாம் கேட்க வேண்டாங்க்கா. தவணைதான் முடிஞ்சிருச்சே" என்றாள் சிட்டு.

கவுண்டர்ப் பெண்ணை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாதவள். இரக்கம் வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது.

இப்போது வந்துவிட்டது. அந்த அக்காவின் வலது கை விரல்கள் வீங்கி மடங்காமல் கிடந்தன. இடது கையால் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பத்தின் அடியில் பன்னிரண்டேகால் பஸ்ஸின் டிக்கெட் தெரிந்தது. ஒரே ஒரு டிக்கெட். பழைய சிம்மில் யாரிடம் பேசினாலும் அந்தப் பட்டியல் கணவனுக்குப் போய்விடும் என்றாள்.

அவன் கை விளங்காமல் போக என்று சிட்டு மனதுக்குள் சபித்தாள்.

வரிசையில் நின்ற ஏழு பேரை உட்காரச் சொன்னாள். இரண்டு நாள் இழுக்கிற வேலையை அவசரம் என்று போட்டுப் பட்டனைத் தட்டினாள். பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பூட்டு திறந்தது. சிட்டுவே சிறிய ஊசியால் தட்டை நெம்பிப் புதுச் சிம்மைப் போட்டுக் கொடுத்தாள். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

"அண்ணா, கிளம்பிட்டேண்ணா."

அவள் போனில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது.

மூச்சு வாங்க வந்தவன் சத்தம் போடவில்லை. அவள் காதிலிருந்து போனை மெதுவாக எடுத்தான். சிட்டுவைப் பார்த்துச் சிரித்தபடி கை நீட்டினான். யாரென்று உறைப்பதற்குள் அவள் ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பழக்கதோஷம்.

புதுச் சிம் வெளியே வந்தது. பழையது உள்ளே போனது. ஊசியை நன்றி சொல்லித் திருப்பித் தந்தான்.

அந்த அக்கா தானாகவே பையை எடுத்துக்கொண்டாள். போகும்போது சிட்டுவை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை.

நான் சொல்லவில்லை அக்கா என்பது சிட்டுவின் தொண்டை வரை வந்தது. அப்போதுதான் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

'உங்கள் போனைத் திறக்கக் கோரிக்கை வந்துள்ளது. இடம்: பேருந்து நிலையக் கிளை. நேரம்: 11.46.'

இணைப்பு யார் பெயரிலோ அவருக்குத் தானாகப் போகிற செய்தி. அனுமதி கேட்க வேண்டியதில்லை, தெரிவித்தால் போதும். அவள் பட்டன் தட்டும்போதெல்லாம் போகிறதுதான். அதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பன்னிரண்டேகாலுக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் திரையில் இன்னொன்று வந்தது. அதே இணைப்பின் வாடிக்கையாளர் தந்த மதிப்பீடு, ஐந்து நட்சத்திரம். கூடவே ஒரு வரி: 'மூன்றாவது கவுண்டர் பெண் ரொம்ப உதவியாக இருந்தார்.'

மேனேஜர் எழுந்து வந்து எல்லோருக்கும் கேட்கும்படி கைதட்டினார்.

சிட்டு எழுந்து நின்று நன்றி சொன்னாள்.