பாறையில் உட்கார்ந்த ஜனாதிபதி

வினாடி வினாப் போட்டிக்காக அமெரிக்க ஜனாதிபதிகளின் வரலாற்றைப் படித்துப் படித்தும் ஒன்றும் மனதில் நிற்காமல் கழுதை களைத்துப்போயிருந்தது.

"விளையாட்டாகப் படிக்கலாம்" என்றது, ஆட்டோடு அதே அணியில் இருந்த குரங்கு. "ஆளுக்கொரு ஜனாதிபதியாகப் பாறையில் உட்காருவோம். கதையைச் சொன்னதும் எழுந்துவிட வேண்டும்."

முதலில் வாஷிங்டனாகக் கழுதை உட்கார்ந்தது. "இரண்டு முறை ஆண்டேன், போதுமென்று வீட்டுக்குப் போனேன்" என்று எழுந்தது.

அடுத்து ஆடம்ஸாகக் குரங்கு உட்கார்ந்தது. "ஒரு முறை ஆண்டேன், தேர்தலில் தோற்றேன்" என்றது. எழவில்லை.

"எழுந்திருப்பா, ஜெபர்சன் காத்திருக்கிறார்" என்று ஆட்டைக் காட்டியது கழுதை.

"இப்போதுதானே உட்கார்ந்தேன்" என்றது குரங்கு.

நின்று நின்று கால் கடுத்த ஆடு, ஓர் இலையைப் பறித்துவந்து குரங்குக்கு விசிறத் தொடங்கியது. "ஐயாவுக்கு வியர்க்கிறதே."

கழுதைக்கு வாதாடத் தெம்பில்லை. மறுநாள் போட்டிக்குத் தனியாகவே போனது. அதற்கு இரண்டு ஜனாதிபதிகளைத்தான் தெரிந்திருந்தது.