நடுமணி

திருடின மாலையை, அதைக் கோத்தவளிடமே ரிப்பேருக்குக் கொண்டுவந்திருக்கிறாளே இவள்! மணிக்கடையம்மா மேஜைமேல் கிடந்த மாலையையே வெறித்துப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரியோ ஒன்றும் அறியாதவள் போலக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கடை என்றால் தனியாகக் கடை ஒன்றும் கிடையாது. வீட்டின் முன்னறை, ஒரு மேஜை, ஒரு விளக்கு, தட்டுத் தட்டாகக் கலர் மணிகள், அவ்வளவுதான். “வேலை குடுக்க வந்திருக்கேன், உள்ள வரலாமா?” என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடிக்காரி உள்ளே வந்தாள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்தபோதுதான் மணிக்கடையம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நீலக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சு. நடுவில் மட்டும் கோணல்மாணலாக ஒரு களிமண் மணி. அவளுடைய மகள் ஐந்து வயதில் உருட்டி, ஈரம் காயுமுன் கட்டைவிரலால் அமுக்கிவைத்தது அது. அந்தப் பிஞ்சு விரலின் ரேகை இன்னும் அதில் இருந்தது. இதுபோல இன்னொன்று உலகத்திலேயே கிடையாது.

போன வருஷம் மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனபோது இந்த வீட்டிலிருந்து எடுத்துப்போனது இந்த மாலை ஒன்றைத்தான். கல்யாணத்துக்கும் மணிக்கடையம்மா போகவில்லை. “நீயும் சரி, உன்னைச் சேர்ந்தவங்களும் சரி, இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது!” என்று தெருவே கேட்கக் கத்தியவளும் இவள்தான்.

கோபம் எப்போதோ வடிந்துவிட்டது. பாழாய்ப்போன வீம்புதான் இன்னும் இறங்கவில்லை. மகளின் போன் நம்பர் மனப்பாடம்; எடுத்துப் பேசத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

“எப்படி அறுந்துச்சு?” என்று கேட்டாள், குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு.

“வீட்டுலதாங்க.” கண்ணாடிக்காரி மாலையை ஆசையோடு தடவிக்கொடுத்தாள். “பெரிய கடையில கேட்டா, புதுசாவே மாத்திக் குடுத்துடறோம்னு சொல்றாங்க. மெஷின்ல கோத்தது அழகாத்தாங்க இருக்கும். ஆனா அது யாரோடதா வேணா இருக்கலாமே! இது அப்படியா? இந்த முடிச்சைத் தொட்டாலே, யாரோ ஒருத்தருக்காகப் பொறுமையா உட்கார்ந்து போட்டதுன்னு தெரியுது.”

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பேச்சுக்கு மணிக்கடையம்மா உருகிப்போய் ஒரு காபியாவது கொடுத்திருப்பாள். இன்றைக்கு வயிறு எரிந்தது. திருட்டுப் பொருளுக்கு இத்தனை ரசனையா!

ஒருவேளை மகளே விற்றுவிட்டாளோ? கையில் காசில்லாத கஷ்டமோ? இல்லை, அம்மாவே வேண்டாம் என்று ஆனபிறகு அம்மா கோத்த மாலை எதற்கு என்று தூக்கிக் கொடுத்துவிட்டாளோ?

“நடுவுல இருக்கற இந்த மண் மணி பார்க்கவே நல்லா இல்லையே. எடுத்துட்டு வேற போடட்டுமா?” என்று சும்மா ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

“ஐயையோ!” கண்ணாடிக்காரி பதறிப்போய் மாலையைக் கையால் பொத்திக்கொண்டாள். “அதுக்காகத்தானே மத்ததெல்லாம்! அதை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

இவளுக்கு எதற்கு இந்தப் பதற்றம்?

மணிக்கடையம்மா மாலையை வாங்கி நூலின் நுனியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். தேய்ந்து அறுந்த நூல் என்றால் நுனி பிசிறு பிசிறாகப் பிரிந்திருக்கும். இதுவோ ஒரே வெட்டு. கொக்கியை ஒட்டி, ஒரு மணிகூடச் சிந்தாமல், யாரோ நிதானமாகக் கத்திரிக்கோல் வைத்திருக்கிறார்கள்.

குளிக்கும்போதுகூட இதைக் கழற்றாதவள் ஆயிற்றே மகள்! கழுத்தில் கிடந்ததை வெட்டி எடுக்கிற வரைக்கும் பிள்ளை பேசாமலா இருந்தாள்? இல்லை, பேச முடியாமல் கிடந்தாளா?

“இது யாரோடது?”

“எங்க வீட்டுப் பொண்ணோடது.”

“பொய்!” மணிக்கடையம்மா எழுந்த வேகத்தில் மணித்தட்டு ஒன்று கவிழ்ந்து மணிகள் அறையெங்கும் உருண்டோடின. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். “இது எம்பொண்ணோடது! நான் இந்தக் கையால கோத்தது! வீட்டுல அறுந்துச்சுன்னு யாருகிட்ட கதை விடறே? வெட்டியிருக்கு! சொல்லு, எம்பொண்ணு எங்க? அவளுக்கு என்ன ஆச்சு? சொல்லாம இந்த வாசலைத் தாண்ட விடமாட்டேன்!”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு வருஷமாக அடக்கிவைத்திருந்த அழுகை. கதவைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

கண்ணாடிக்காரி ஓடப் பார்க்கவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை. குனிந்து, காலடியில் உருண்டுவந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். பிறகு மெதுவாக எழுந்து வந்து மணிக்கடையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ நல்லா இருக்கா. அழாதீங்க.”

“அப்போ மாலையை வெட்டினது யாரு?”

“நான்தான் வெட்டினேன் சம்பந்தியம்மா. மாசமா இருக்கற பொண்ணு தூக்கத்துல ‘அம்மா, அம்மா’ங்கறா, இந்த வாசப்படியை மிதிக்க எனக்கு வேற வழி தெரியல.”