முதலிடம்

பொன்னிக்குத்தான் முதலில் டீ கொடுத்தார்கள்.

அதிலேயே திலகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதில் மூத்தவள் இவள், அனுபவத்தில் மூத்தவள் இவள், ஆராய்ச்சிக் கூடத்துச் சாவியே இவளிடம்தான் இருக்கிறது. தட்டு என்னவோ நேராகப் பொன்னியிடம் போய் நின்றது.

இருவருக்கும் சிதம்பரத்தில் ஒரே கல்லூரியில் வேலை. காலையில் ஒரே பஸ்ஸில்தான் கடலூருக்கு வந்திருந்தார்கள். மாவட்டத்தில் அடுத்த மூன்று வருஷத்துக்குக் காசநோய் ஆராய்ச்சியில் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்யும் கூட்டம். மற்ற தலைப்புகள் எல்லாம் கழிந்து இரண்டு மிஞ்சியிருந்தன. திலகவதியுடையது, மருந்துக்கு அடங்காத கிருமிகள். பொன்னியுடையது, காசநோய் வந்தவர்கள் அதை ஏன் மறைக்கிறார்கள் என்பது.

ஒன்றுதான் தேறும்.

பொன்னி எழுந்து பேசினாள். மீனவக் குடும்பத்துப் பெண். கடற்கரை ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். கல்யாணம் நின்றுவிடும் என்று இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டவளைப் பற்றிச் சொன்னாள். தனித்தட்டு வைத்துவிடுவார்களே என்று மாத்திரையை மீன்கூடைக்கு அடியில் ஒளித்தவளைப் பற்றிச் சொன்னாள். தலைமை வகித்த டாக்டர் சடையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திலகவதி பேசியபோது அவர் மணி பார்த்தார்.

அடி ஆத்தீ, கதை சொல்லியே காரியத்தைச் சாதிக்கிறாளே! இவள் வருஷக்கணக்காகக் கிருமியோடு மல்லுக்கட்டிச் சேர்த்ததெல்லாம் குப்பையா? திலகவதிக்கு வயிறு பற்றி எரிந்தது. முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் பொறாமை விட்டுப்போய்விடுமா என்ன? இன்னும் ஜோராகத்தான் எரிகிறது.

எழுந்துவிட்டாள்.

"சார், படிக்காதவங்க பயத்துல மறைக்கிறாங்க. நாலு ஊர்ல நோட்டீஸ் ஒட்டுனா சரியாப் போயிடும். இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு? படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் மறைக்கிறாங்களா? ஒரு ஆளக் காட்டச் சொல்லுங்க, பாப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டுத் தொலைத்தோம் என்று அவளுக்கே உறைத்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சடையப்பனுக்குக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. பொன்னியிடம் கேட்டார்.

"நியாயந்தானம்மா. பேரு வேணாம். எங்க வேல பாக்குறாங்க, என்ன வேலன்னு மட்டும் சொல்லுங்க. அப்புடி ஒரே ஒருத்தர் இருந்தாக்கூட உங்க தலைப்புதான்."

பொன்னி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினாள். யார் பக்கமும் திரும்பவில்லை.

"அப்புடி யாரையும் நான் பாக்கலீங்க சார்."

அவ்வளவுதான். முதலிடம் திலகவதிக்கு.

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னியும் தட்டினாள். அடுத்த டீ நேராகத் திலகவதியிடம் வந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும், பாதிக்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைப் பொன்னியே விட்டுக்கொடுத்தாள். அதுவும் திலகவதிக்குப் பொறுக்கவில்லை. தோற்றவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாமா? நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர்கள் எழுந்து மூட்டைகளை எடுத்தார்கள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பொன்னி கைப்பையைத் திறந்தாள். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதற்கு அடியில் மாத்திரை அட்டை.

"வெள்ளிக்கெழமக்கா. அலைச்சல்ல மறந்துட்டீங்க."

திங்கள், புதன், வெள்ளி. மூன்று மாதமாகப் பொன்னி வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற காரியம். வெளியே தெரிந்தால் கூடத்துச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அந்தச் சமையலறையில்தான் திலகவதி அழுதிருந்தாள். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்று பொன்னி இவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ததும் அங்கேதான்.

திலகவதி முன் சீட்டைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள். அட்டையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பிரித்தாள். அந்தச் சிவப்பு மாத்திரை வழக்கம்போலத் தொண்டையில் நின்றது. பொன்னி பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தாள்.

காசநோய் மாத்திரையைக் கொடுக்கிறவர் கண்ணெதிரில்தான் விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டதைக் காட்டவும் வேண்டும். இன்றைக்காவது விட்டுவிடுவாள் என்று திலகவதி நினைத்தாள்.

பொன்னி விடவில்லை.

"வாயத் தொறந்து காட்டுங்கக்கா."

திலகவதி காட்டினாள்.