இறக்கத்துக்கு முன்னால்

"இங்கேயே இறங்கி நடந்துடலாம்க்கா," என்றான் தம்பி. அவன் கை சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட்டு. பிரேக்குக்குப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் மாற்றி, நேற்றுதான் கைக்கு வந்திருந்தது.

"சமதரையில பாட்டுப் பாடிட்டு வந்தே. இறக்கத்தைப் பாத்ததும் ஏன்டா முகம் வெளுக்குது?"

"பழைய வண்டிக்கா. எதுக்கு வம்பு?"

"வண்டிதான் பழசு, பிரேக் புதுசு. மடியில கனமிருந்தாத்தானேடா வழியில பயம்?"

இறக்கத்தின் அடியில், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கார் மெல்ல உருளத் தொடங்கியது. தம்பி சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டான். வண்டி குலுங்கி நின்றது.

"வேண்டாம்க்கா. பிரேக் பைப்புல காத்து முழுசா எடுக்கலை, மிதிச்சா பிடிக்காமப் போகலாம். அவசரத்துல இறக்கத்துல ஓட்டியும் பாக்கலை."

அக்கா இன்ஜினை அணைத்தாள்.

"'எல்லாம் ஓட்டிப் பாத்தாச்சு, தைரியமா எடுத்துட்டுப் போ'ன்னு நேத்து உன் ஒர்க்‌ஷாப்புல நீதானேடா சாவியைக் கொடுத்தே?"

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான்.

"நாளைக்கு நீ இருக்கிற சீட்டுல என் பொண்ணை உக்கார வைக்கிறதா இருந்தேன்."