ஒத்திகை நாற்காலி

அந்த நாடகக் குழுவினர் ஆளுக்கொரு வசனம் சொல்லித்தான் புது நாடகம் கட்டுவார்கள். ஒத்திகையில் படகு, கிணறு எல்லாமே ஒரு பழைய நாற்காலிதான். இந்த முறை அது சிம்மாசனம். ஒரு கால் ஆடும் என்பதால், அரசனாக நடித்த மாசிலாமணி தடவிப் பார்த்துப் பயந்துதான் உட்காருவார்.

அரங்கேற்றத்தன்று தங்கத்தாள் ஒட்டிய புதுச் சிம்மாசனம் வந்தது. நாற்காலியை மேடை ஓரத்தில் தள்ளிவிட்டார்கள்.

"என் மேல டீ டம்ளரை வச்சுக்கிட்டுத்தானேக்கா முதல் காட்சி எப்படி இருக்கணும்னு சண்டை போட்டாங்க? இனி விறகாக்கிடுவாங்களோ?" என்று அது திரையிடம் புலம்பியது.

"போன நாடகத்துக்கும் இதையேதான் சொன்னே. பேசாம பாரு" என்றபடி திரை மேலே போனது.

அரசன் வந்தான். அசையாத சிம்மாசனத்தை மெல்லத் தடவினான். கைப்பிடியை இறுகப் பற்றி, எந்த நேரமும் கவிழ்ந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்தான். நாடு கைவிட்டுப் போகிற பயம் பார்வையாளர்களுக்கு அதிலேயே தெரிந்தது.

"நான் உறுதியாத்தானே இருக்கேன், இவரு ஏன் நம்ப மாட்டேங்கறாரு?" என்று சிம்மாசனம் முணுமுணுத்தது.

"கோவிச்சுக்காதப்பா" என்றது ஓரத்து நாற்காலி. "அவரு இன்னும் என் மேலதான் உட்கார்ந்திருக்காரு."