மீட்டர் சொன்ன பொய்

"ஆயில் ப்ரெஷர் முள்ளு மேல ஏறவே மாட்டேங்குதும்மா. எஞ்சின் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் பெரியவர்.

முற்றத்தில் நின்ற பழைய பெட்ரோல் ஜெனரேட்டரின் முன் மெக்கானிக் குனிந்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆயில் அளவு சரியா இருக்குங்க ஐயா. தண்ணியா இளகவும் இல்ல, பெட்ரோல் வாடையும் இல்ல."

"அப்போ உள்ள பேரிங் தேஞ்சிருக்குமோ?"

"அவசரப்படாதீங்க. முதல்ல உங்க மீட்டர் நெஜம் சொல்லுதான்னு பாத்துடலாம்."

அதைக் கழற்றிவிட்டு, தன் பையிலிருந்த மீட்டரை மாட்டி எஞ்சினைக் கிளப்பினாள். முள் ஜம்மென்று ஏறி நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்குங்க ஐயா! மீட்டர்தான் கெட்டுப்போச்சு."

"தெரியும். நல்லதைக் கழட்டிட்டு அந்தக் கெட்டதை மாட்டினதே நான்தான்."

"எதுக்குங்க ஐயா?"

"நேர்ல வந்து கூப்பிட வெக்கமா இருந்துச்சு. இன்னும் என்ன ஐயா? வாய் நிறைய மாமான்னு கூப்பிடு."

ஸ்பானர் அவள் கையிலிருந்து நழுவியது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகனோடு பேச்சையே நிறுத்தியவர் அவர். மருமகளின் முகம்கூட அவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அவள் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்தாள்.

வாசலில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கையைக் கழுவிட்டு உள்ள வாம்மா. அவனையும் நீயே போன் போட்டு வரச் சொல்லு. நான் பேசினா அழுதுடுவேன்."

"சரிங்க அத்தை" என்றவளுக்குக் கை கழுவவெல்லாம் பொறுமை இல்லை. எண்ணெய்க் கையோடேயே போனை எடுத்தாள்.